பொருத்தமற்றதை வெட்டுக

எங்கள் பக்கத்தில் பாதை என்றால் மிதக்கும்.
குருக்கள்மடத்தில் ஸ்கூட்டியை அதில் ஏற்றி
அம்பிளாந்துறையில் இறக்கிக்கொள்ளலாம்.
இடையில் வாவி.
கோப்பு நனையாமல் மடியில் வைத்திருக்க வேண்டும்,
அதுதான் கஷ்டம் என்று
வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நினைத்திருந்தேன்.

பாடசாலையிலிருந்து கடிதம்:
ஐந்தாம் தரம், ஜதுசிகா,
முப்பத்தேழு நாள் வரவில்லை.

கச்சைக்கொடியில் ஆனை சரித்த வேலி, தகரப் படலை.
ஸ்கூட்டியை நிறுத்த முன்னமே
முற்றத்துக்கு வந்துவிட்டாள்,
இடுப்பில் தம்பி,
பாடமாக்கிய குரல்:
"அம்மா இல்ல."

எங்க போயிற்றா?
"அம்மா இல்ல."
எப்ப வருவா?
"அம்மா இல்ல, மிஸ்.
இந்தக் கிழமை காசும் இல்ல."

அப்போதுதான் விளங்கியது
என் தலைக்கவசமும் பச்சைக் கோப்பும்
யாருடைய வேஷம் என்று.
அன்று திங்கள்.
குழுக்கடன் அறவிட வருகிற நாள்.

என் படிவத்தில் ஏழாவது கேள்வி:
தாய் வீட்டில் உள்ளாரா? ஆம் / இல்லை.
பொருத்தமற்றதை வெட்டுக.

'ஆம்' என்பதை வெட்டினால்
அந்தத் தாள் எங்கெங்கே போகும் என்று தெரியும்.
மேசை, இன்னொரு மேசை, நீதவான்,
எண் எழுதிய பீங்கான் கோப்பை, இரட்டைத் தட்டுக் கட்டில்.
தம்பி ஆண்பிள்ளை, அவனுக்கு வேறு இல்லம்.
நான் வெட்டியிருக்கிறேன். ஒருமுறை, வேறொரு வீட்டில்.
அந்தப் பிள்ளைகள் நலமாக உள்ளனர்
என்று அறிக்கை சொல்கிறது.

குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.
அவள் கிணற்றடிக்குப் போக, கொடியைப் பார்த்தேன்.
நீலச் சேலை ஒன்று
இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.
இல்லாதவள் எப்போது தோய்த்தாள்?

கிடுகு மறைப்பைப் பார்த்துச் சொன்னேன்:
"நான் கடன்காரி இல்ல.
பிரதேச செயலகம். சிறுவர் பகுதி."

அது இன்னும் மோசமாயிற்று.
கிடுகுக்குப் பின்னால் மூச்சு நின்றது.
கடன்காரன் வந்தால் ஆட்டைக் கொண்டுபோவான்,
காஸ் சிலிண்டரைக் கொண்டுபோவான்.
நாங்கள் வந்தால்
பிள்ளையைக் கொண்டுபோவோம் என்பது ஊர்க்கதை.

போகாமல் இருந்தேன்.
தம்பி என் பேனையைப் பறித்து
கோப்பு மட்டையில் கோடு கோடாய் இழுத்தான்.
முருங்கை நிழல் என் காலுக்கு வந்து
காலைத் தாண்டிப் போனது.

பிறகு அவள் வந்தாள். புவனமலர்.
கையில் புடவைக்கடைப் பை.
அதற்குள் பிள்ளைகளின் உடுப்பு, மடித்து,
சின்னவனின் தொப்பி மேலே.
"மூண்டு நேரமும் சோறு குடுப்பீங்களா, மிஸ்?"

பையை உள்ளே கொண்டுபோய் வையுங்கள் என்றேன்.
அதட்டியது மாதிரி எனக்கே கேட்டது.

அதன்பின் நடந்தவை கவிதைக்கு வராதவை.
கிராம உத்தியோகத்தரின் ஒப்பத்துக்கு மூன்று நடை.
சின்னவன் லிதுர்ஷனுக்குக் காலம் கடந்த பிறப்புப் பதிவு.
கடன் கம்பனி முகாமையாளரோடு ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டை,
பாதி தோல்வி, மீதி தவணை.
உலர் உணவுப் பொதி, இரண்டாம் மாதம் வரவில்லை.
ஜதுசிகாவுக்குச் சப்பாத்து, ஒரு இலக்கம் பெரிது,
பஞ்சு அடைத்துப் போட்டுக்கொண்டாள்.
தையல் நிலையத்தில் புவனமலருக்கு ஒரு கதிரை,
அதற்கு நான் யாரிடமெல்லாம் பல்லிளித்தேன்
என்று எந்தப் படிவத்திலும் இல்லை.

மாசி மாதம், மறுபடி ஒரு திங்கள்.
வெள்ளைச் சட்டையைக் கழற்றாமல்
படலைக்கு ஓடிவந்தாள்.
"அம்மா இல்ல, மிஸ்!"
நெஞ்சு ஒருதரம் நின்றது.
"தையலுக்குப் போயிற்றா.
நாலு மணிக்கு வருவா.
தம்பி அங்கால மாமி வீட்ட. கூப்பிடட்டா?"

தொடர் கண்காணிப்புப் படிவம். அதே ஏழாவது கேள்வி.
ஆம் / இல்லை.
எதையும் வெட்டவில்லை.
ஓரத்தில், இடம் காணாமல், சின்ன எழுத்தில்
'நாலு மணிக்கு வருவார்'
என்று எழுதினேன்.

கடைசிப் பாதை ஐந்தரைக்கு.
காத்திருந்தேன்.